நிவேதா வாங்கிய பூஜ்யம்

“இன்னாடி சொன்ன காந்தா? எம் பேத்தி திருடியா? இன்னொரு தபா சொல்லு, நல்லா காதுல வுழட்டும்!”

குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் கேட்டேன். காந்தா எங்கள் எதிர்வீட்டுக்காரி. அவள் மகனும் எங்கள் நிவேதாவும் பொன்னேரிப் பக்கத்தில் ஒரே காலேஜ், ஒரே கம்ப்யூட்டர் கிளாஸ்.

“நானா சொல்றேன் ஆயா? போர்டுலயே ஒட்டிக்கீறாங்களாம். சத்யான்னு ஒரு பொண்ணு எழுதினத அப்டியே பார்த்து எழுதிக்கீறா. முட்டை போட்டுட்டாங்க. எம் புள்ள பொய்யா சொல்லப் போறான்?”

“உம் புள்ள இன்னா மார்க்குன்னு அதே போர்டுல பார்த்துட்டு வந்து சொல்லச் சொல்லு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயித்தவள் போலக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேனே தவிர, இடுப்பில் குடம் நிற்கவில்லை. வீட்டுக்குள் நிவேதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ‘நான் செய்யவில்லை’ என்று எங்களிடம்கூட அவள் சொல்லவில்லை.

நிவேதா, ஏரியில் வலை போடுகிற என் மகன் மாணிக்கத்தின் ஒரே பெண். சின்னதிலிருந்தே வாய் குறைவு, கை வேகம். இறால் தலை கிள்ள உட்கார்ந்தால் தன் கூடையை முடித்துவிட்டுப் பக்கத்துக் கூடையில் கை வைத்துவிடுவாள். “உன் வேலைய பாரேன்டி” என்றால், “சும்மா ஒக்காந்துனு இன்னா பண்றது ஆயா?” என்பாள். பிளஸ் டூ முடித்ததும் இறால் கம்பெனிக்கு அனுப்பலாம் என்று அவள் அப்பன் சொன்னான். கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்து சாதித்துக்கொண்டாள். பிடிவாதம் என் வழியில் வந்தது.

அந்தப் படிப்பில் மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்பது இந்த வம்பு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாராவாரம் ஒரு வேலை கொடுப்பார்கள். கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி அதை எழுதி அனுப்ப வேண்டும். அந்த மார்க்கெல்லாம் சேர்ந்தால் இன்டர்னல். அது இல்லாமல் பெரிய பரீட்சைக்கு உட்கார முடியாது. யாராவது பார்த்து எழுதினால் கண்டுபிடிக்க அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பிள்ளைகள் எழுதியதையெல்லாம் அது ஒன்றோடொன்று வைத்து ஒத்துப் பார்க்கும். அதில்தான் நிவேதாவும் சத்யாவும் சிக்கினார்கள். பேரை மாற்றி, வரிசையை மாற்றி எழுதியிருந்தும் இரண்டும் ஒரே கை போட்ட வலை முடிச்சு என்று அது சொல்லிவிட்டதாம்.

குழாயடிச் சண்டைக்கு முன்னாலேயே காலேஜில் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். தனியாகப் போகக் கூச்சப்பட்டு மாணிக்கம் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அந்த மேடம் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். “சத்யா, அவளே எழுதினதுன்னு சொல்லிட்டா. நீ என்னம்மா சொல்றே? நீ எழுதினதுன்னா இந்த வரி எதுக்குன்னு சொல்லு, போதும்.”

நிவேதா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடம் திரும்பவும் கேட்டார்.

மாணிக்கம் பொறுக்காமல் கை கூப்பிவிட்டான். “தப்புதாங்க மேடம். படிக்காத வூட்டுப் பொண்ணு, புத்தி கெட்டுப் போச்சு. மன்னிச்சிடுங்க.”

அப்போது மட்டும் அவள் நிமிர்ந்து அப்பனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். இன்டர்னலில் பூஜ்யம், அடுத்த வருஷம் திரும்ப எழுதலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் மாணிக்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தான். “படிச்சது போதும். நாளையிலேந்து கம்பெனிக்குப் போ” என்றான், அவள் பக்கம் திரும்பாமலே. அவள் எங்கேயும் போகவில்லை. படுத்துக்கொண்டாள்.

அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் வாசலில் ஒருவர் அரிசிப் பையோடு வந்து நின்றார். பேர் லோகநாதன், ஏரியை விட்டுத் தள்ளி உள்பக்கம் நெல் போடுகிறவர்.

“நான் சத்யாவோட அப்பாங்க. புது அரிசி, ஆக்கிச் சாப்பிடுங்க. எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப சத்யாதான் கூட இருந்து பார்த்துக்கிச்சு. அது எழுத வேண்டியதையெல்லாம் உங்க பொண்ணுதான் எழுதிக் குடுத்துச்சாம். இல்லாட்டி எம் பொண்ணுக்கு ஒரு வருஷமே போயிருக்கும்.”

இங்கே என்ன நடந்தது என்று அந்த மனிதருக்குத் தெரியாது. சிரித்த முகத்தோடு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நான் பையை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மாணிக்கம் ஊசியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

“ஏம்மா வாயத் தொறந்து சொல்லல?” என்று கடைசியில் மகளைக் கேட்டான்.

“குப்பன் மாமா வூட்டு பாடு அன்னிக்கு நீதானே வலை வுட்ட நைனா? யார்கிட்டனா சொன்னியா?”

ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு எந்த வீடு வலை போடுவது என்று நாங்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். ஒரு வீட்டில் ஆள் நோயில் விழுந்தால் இன்னொருத்தன் அவர்கள் முறைக்கு வலை போட்டு, மீனை அவர்கள் வாசலில் கொட்டிவிட்டு வந்துவிடுவான். போட்டது யார் என்று வெளியே சொல்ல மாட்டான். சொன்னால் அந்த வீட்டுக்குத் தலைகுனிவு. போன மழைக்காலம் மாணிக்கம் குப்பன் வீட்டுக்கு அப்படித்தான் செய்தான்.

மாணிக்கத்துக்கு முகம் செத்துவிட்டது. பெற்ற பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல், அவள் திருடி என்று ஊரான் முன்னால் ஒப்புக்கொண்டு கை கூப்பியவன் அல்லவா? எழுந்து சட்டையை மாட்டினான்.

“வா, இப்பவே போய் அந்த மேடம்கிட்ட சொல்லலாம். எம் பொண்ணு தங்கம்னு சொல்றேன்.”

“வாணாம் நைனா.” அவள் எழுந்து உட்கார்ந்தாள். “குப்பன் மாமாவுக்கு வலை வுடத் தெரியும். அன்னிக்கு ஒடம்பு முடியல, அவ்ளோதான். சத்யாவுக்கு ஒண்ணும் தெரியாது. ஆஸ்பத்திரிலேந்து வந்த பிறகும் நானே எழுதிக் குடுத்துனு இருந்தேன். அவ கத்துக்கவே இல்ல. அங்க மார்க்கு மீனுக்கு இல்ல நைனா. வலை வுடத் தெரியுதான்னு பாக்கத்தான் வாராவாரம் எழுத வெக்கிறாங்க. அவளுக்குத் தெரியாதுங்கறத நான் மூடி மறைச்சிட்டேன். மேடம் கேட்டப்போதான் எனக்கே ஒறைச்சிச்சி. எந்த மூஞ்சிய வெச்சினு பேசறது?”

பழி விழுந்ததற்காக அவள் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. ஆபத்தில் கிடந்த வீட்டுக்குக் கை கொடுத்தது தப்பு என்று எந்த காலேஜ் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவள் போனை எடுத்தாள். “சத்யா, நாளைக்கு மேடம்கிட்ட உள்ளத சொல்லப் போறேன். உனக்கும் முட்டை வுழும். நீயும் வந்தினா ரெண்டு பேரும் முதல்லேந்து கத்துக்கலாம். பொன்னேரி பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்.” அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. வருகிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

மறுநாள் காலை காலேஜ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மாணிக்கம் கூட வருகிறேன் என்றான்.

“நீ பேசினது போதும் நைனா. நான் பேசணும்.”

அவன் அப்படியே நின்றுவிட்டான். அவள் படி இறங்கினாள். குழாயடியில் எல்லாரும் இருந்தார்கள்.

“இன்னாம்மா, திரும்ப சேர்த்துக்கினாங்களா?” என்றாள் காந்தா.

‘பதில் சொல்லாமல் போடி’ என்று நான் வாசலிலிருந்து கண்ணைக் காட்டினேன்.

“இல்ல அத்தை. நான் பார்த்து எழுதல, எழுதிக் குடுத்தேன். அதுவும் தப்புதான். அத சொல்லத்தான் போறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. காந்தா குடத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நிவேதா பஸ் வருகிற பக்கம் நடந்து போனாள்.