சத்தியம் கேட்காத கூட்டம்

வாலிகண்டபுரத்துக் கொத்தனார் சாமிதுரையிடம் சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூலி கைக்கு வந்ததும் கால் தானாகச் சாராயக்கடைப் பக்கம் திரும்பிவிடும். அரசாங்கமே ஏலம் விட்டுக் கடை நடத்திய எண்பதுகள் அவை. யாரைப் போய்த் திட்டுவது?

போதை தெளிந்ததும் அழுவான். மனைவி இருசம்மாள் அவனைச் சிறுவாச்சூருக்கு இழுத்துக்கொண்டு போவாள். வெள்ளிக்கிழமை நடை திறந்திருக்கும்போது அம்மன் முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்பான். மறுநாள் சனிக்கிழமை. அம்மன் மேல் செய்தான், பெற்றவள் மேல் செய்தான், கடைசியில் மகள் காத்தாயி தலையிலும் கைவைத்துச் சத்தியம் செய்தான். அதையும் குடித்துத் தீர்த்தான். அடுத்த வாரமே பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. எப்படியோ பிழைத்துக்கொண்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு இருசம்மாள் மகளைத் தூக்கிக்கொண்டு மீன்சுருட்டிக்குத் தாய்வீடு போய்விட்டாள்.

"ஒஞ்சத்தியத்துக்கு எம்புள்ளதான் கெடச்சாளாய்யா?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் தான்தான் என்று சாமிதுரையும் நம்பினான். நம்பிக்கொண்டே குடித்தான்.

அந்தச் சமயத்தில்தான் அரியலூரில் அருளானந்தம் வாத்தியார் வீட்டுக்குப் பூச்சு வேலைக்குப் போனான். கை நடுங்கி, பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் மணியாசக்கட்டை சாரத்திலிருந்து விழுந்தது. வாத்தியார் அதை எடுத்துக் கொடுத்து, தனக்கும் ஒரு காலத்தில் சாக்கட்டி பிடிக்க முடியாமல் கை ஆடியது என்றார். சாமிதுரைக்கு நம்ப முடியவில்லை. வெற்றிலைகூடப் போடாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட அறையில் தன்னைப் போலக் குடியை விடப் பார்க்கும் நாலைந்து பேர் கூடிப் பேசுவதாகவும், வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார்.

தன்னைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று அவன் பெரிதாகக் கவலைப்படவில்லை. அங்கேயும் சத்தியம் கேட்பார்களே என்றுதான் பயந்தான். கேட்டால் தன் தலையில் மட்டும் அடித்துச் செய்வது என்று முடிவெடுத்தான். ஞாயிறன்று முந்தின நாள் வாடை போகச் சீயக்காய் தேய்த்துக் குளித்தான். சத்தியத்துக்கு வெறுங்கையோடு போகலாமா? மஞ்சள் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, கற்பூரம் எல்லாம் எடுத்துக்கொண்டான்.

அரியலூரில் இறங்கியதும் வழி கேட்கக் கூச்சம். குடிகாரர் கூட்டம் எங்கே என்று கேட்டால் ஊருக்கே தண்டோரா போட்டதாகிவிடும். மாதா கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் வாசலில் நின்றார்; அவரிடம், கொத்தனார் வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வைத்தான். மனிதர் இதற்காகவே காத்திருந்தவர்போல அவன் கையைப் பிடித்து இழுத்துப் போய், ஒழுகும் தளத்தையும் விரிசல் விட்ட சுவரையும் ஒன்றுவிடாமல் காட்டினார். எவ்வளவு சிமெண்டு ஆகும் என்று சாமிதுரை கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாத்தியார் வந்து மீட்டுக்கொண்டு போனார்.

அறையில் ஒரு லாரி டிரைவர், ஒரு நெசவாளி, இன்னும் இரண்டு மூன்று பேர். டிரைவர், குடித்துவிட்டு வேறு யாரோ வீட்டில் சட்டமாய்ப் படுத்துத் தூங்கியதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து மகனை அடித்ததைச் சொன்னார். சிரிப்பு நின்றுபோனது. தான் மட்டும்தான் இப்படி என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்த சாமிதுரை கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

அவன் முறை வந்ததும் எழுந்தான். வெற்றிலையைப் பரப்பிக் கற்பூரத்தை வைத்தான்.

"எந்தலையில அடிச்சு சத்தியம் பண்றேங்க. எம்மவ பேரச் சொல்லி மட்டும் கேக்காதீங்க."

வாத்தியார் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க யாரும் சத்தியம் பண்றதில்ல மேஸ்திரி. பண்ணிப் பண்ணி மீறினவங்கதான் எல்லாரும். இன்னிக்கு ஒரு நாளு குடிக்காம இருப்போம். அவ்வளவுதான்."

சாமிதுரை விக்கி விக்கி அழுதான். கொண்டுவந்த தேங்காயை வீணாக்குவானேன் என்று டிரைவர் அதை வாசற்படியில் உடைத்தார். ஆளுக்கொரு சில்லு டீயோடு தின்றார்கள்.

அன்றோடு திருந்திவிட்டான் என்று சொன்னால் அது பொய். நடுவில் ஒரு சனிக்கிழமை சறுக்கினான். மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் வாசலில் நின்றான். ஏன் மீறினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை; நகர்ந்து உட்கார இடம் விட்டார்கள். அவனைத் திருத்தியது அதுதான்.

வாரங்கள் பல போன பிறகு மீன்சுருட்டிக்குப் போனான். இருசம்மாள் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நிறுத்தியே கேட்டாள்.

"குடிக்கிறதில்லையாமே?"

"இன்னிக்குக் குடிக்கல."

"நாளைக்கு?"

சாமிதுரை தரையைப் பார்த்தான். இனிமேல் தொடமாட்டேன் என்ற வார்த்தை அவனுக்கு மனப்பாடம்தான். எத்தனை தடவை சொன்னது.

"தெரியல இருசா. நாளைக்கிப் பொழுது விடிஞ்சாத்தான் தெரியும்."

இத்தனை வருஷத்தில் புருஷன் வாயிலிருந்து அவளால் நம்ப முடிந்த முதல் பேச்சு அது. அவள் உள்ளே போய், உலையில் இன்னும் ஒரு ஆளுக்கு அரிசி போட்டாள்.