ஒரே பெயரில் இருபத்திரண்டு பாடங்கள்

என் மனைவி பல்லடம் பக்கத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, சமையல் மேடைமேல் செல்போனைச் சாய்த்து வைத்து ஒன்பதாம் வகுப்புப் பாடங்களைப் பேசிப் பதிவு செய்தாள். பாடம் 1, பாடம் 2 என்று இருபத்திரண்டு.

அடுத்த வருடம் தொண்டையில் புற்றுநோய். கோவையில் அறுவை செய்தார்கள். பிழைத்தாள், ஆனால் பழைய குரல் திரும்பவில்லை. கரகரவென்று, பாதி காற்றாக வேறொரு குரல் வந்தது. வகுப்பில் நின்று பேச முடியாததால் அதே பாடங்களை மறுபடி வீட்டில் பதிவு செய்யத் தொடங்கினாள்.

"பழசையே அனுப்பலாமே?" என்றேன்.

"அது ஆரோ பேசுனாப்பல இருக்குதுங்க. இந்தப் பசங்களுக்கு நான்தானுங்க வாத்தியாரு."

லேப்டாப்பில் இடம் போதாமல், பழையவற்றைத் தனி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினாள். புதிய இருபத்திரண்டுக்கும் அதே பெயர்களையே வைத்தாள். இரண்டு வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் திவசத்துக்கு வந்திருந்தாள். "அப்பா, அம்மா பேசுனதெல்லாம் ரெண்டு எடத்துல கெடக்குதுங்க. ஒண்ணாச் சேத்து வெச்சீங்கன்னா நானும் ஒரு காப்பி எடுத்துக்குவேன்" என்றாள்.

அவள் ஊருக்குப் போன மறுநாள் காலை உட்கார்ந்தேன். லேப்டாப்பிலிருந்த ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய்ப் போட்டேன். இதே பெயரில் கோப்புகள் இருக்கின்றன, மாற்றட்டுமா என்று திரை கேட்டது. சேர்ப்பதைத்தான் கேட்கிறது என்று நினைத்துச் சரி என்று அழுத்தினேன். கையோடு கையாக என் செல்போனில் இருந்த குடும்பப் படங்களையும் அதிலேயே ஏற்றினேன். ஒரு நல்ல காரியம் முடித்த நிறைவோடு காபி போட்டுக் குடித்தேன்.

சாயங்காலம் பாடம் 1ஐத் திறந்தேன். கரகரத்த குரல். பாடம் 2. அதே குரல். இருபத்திரண்டையும் திறந்து பார்த்தேன். பழைய குரல் ஒன்றில்கூட இல்லை.

காந்திபுரத்தில் ஒரு கடைக்கு டிஸ்க்கைக் கொண்டு போனேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்த கடைக்காரர், "இதுக்கப்புறம் வேற ஏதாச்சும் இதுல ஏத்துனீங்களாங்க?" என்று கேட்டார்.

"படமெல்லாம் போட்டனுங்க."

அவர் டிஸ்க்கை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "பழசுக்கு மேலயே எழுதிப்போட்டுதுங்க. இனி வராதுங்க."

மகளிடம் போனில் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். "உங்களுக்குத் தெரியாமத்தானுங்கப்பா நடந்துச்சு" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மனைவியிடம் படித்த பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் மகள் கேட்டுப் பார்த்தாள். பலரும் போன் மாற்றிவிட்டார்கள். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் ஓர் அம்மா மட்டும், தன் மகள் பாடம் கேட்ட போனைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் பாடம் 14 இருந்தது.

என் மகள் அதை வாங்கி எனக்கு அனுப்பினாள். திருக்குறள் பாடம். நடுவில் ஒரு நொடி நிறுத்தி, "ஏனுங்க, அந்த மிக்சிய நிறுத்துங்க" என்று மனைவி என்னிடம் சொல்கிறாள், தெளிவான குரலில். அன்று சட்னி அரைத்துக்கொண்டிருந்தது நான்தான்.

அதற்கு மேல் கேட்க என்னால் முடியவில்லை. மீதிப் பாடத்தை இன்னும் கேட்கவில்லை.