வால் கட்டு சொன்ன சாட்சி

மேடையில் நான் யாரையும் மன்னித்ததில்லை. இந்தப் பக்கத்திலும் மன்னிக்கப் போவதில்லை.

என் தந்தை நன்னிலத்துக்குக் கிழக்கே, ஒரு மிராசுதாரரின் ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதார். கதிர் முற்றும் நாட்களில் மிராசுதாரரின் மற்ற வயல்களில் மூங்கில் கிட்டி வைத்து எலியும் பிடித்தார். பிடித்த எலிகளின் வாலை அறுத்து, பனைநாரில் கட்டி, காலையில் மிராசுதாரர் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். வேலை நடந்ததற்கு அதுவே அத்தாட்சி. அவர் அவற்றை மாட்டுக்கொட்டகைச் சுவரில் தொங்கவிடுவார்.

ஓர் அறுவடைக்கு முன், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த நெற்கிடங்கைக் கூட்டும்படி தந்தையிடம் சொன்னார். தூசி தம் வீட்டுக்குள் வரக் கூடாதென்று கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டார். தந்தை அரை நாள் அந்தப் புழுதியைச் சுவாசித்தார். மூன்றாம் வாரம் காய்ச்சல். பிறகு சிறுநீர் நின்றது. அரசு மருத்துவமனையில் ஒரு மாதம் கிடந்து பிழைத்துத் திரும்பியபோது, எங்கள் நிலத்தில் வேறொருவர் ஏர் பூட்டியிருந்தார்.

பஞ்சாயத்துக் கூடியது. கரைவேட்டி கசங்காமல் அமர்ந்திருந்த மிராசுதாரர், வால் கட்டுகளை எல்லார் முன்பும் வீசினார்.

“பாருங்கய்யா, அத்தனையும் இவன் கையால அறுத்தது. எலியத் தொட்டான், சுட்டும் தின்னான், சீக்கு வந்துச்சு. அதுக்கு என் கெடங்கு என்ன பண்ணும்? சீக்காளிக்கு எதுக்குய்யா குத்தகை?”

கூட்டம் சிரித்தது. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வென்றிருந்த எனக்கு அன்று ஒரு சொல் எழவில்லை. அந்த ஊமை நிமிடத்துக்குப் பழி தீர்க்கவே புறப்பட்டேன்.

ஆயுதம் மருத்துவமனையிலேயே இருந்தது. எலிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸ்களை ஆராய்ந்த ஒரு பெண், தந்தையின் ரத்தத்தைச் சேமித்து வைத்திருந்தார்.

“எல்லாம் ஒரே வைரஸ்னு நெனைக்காதீங்க தம்பி. வயலெலிக்கு ஒண்ணு, வீட்டெலிக்கு ஒண்ணு. தலைமுறை தலைமுறையா அதுக்குள்ளயே மாறிட்டு வரும். மரபணுவைப் படிச்சா எந்த எலி கொடுத்ததுன்னு சொல்லிடலாம்.”

ஆராய்ச்சி என்றதும் மிராசுதாரர் பெருமையோடு கிடங்கைத் திறந்துவிட்டார். அந்தப் பெண் கிடங்கிலும் வயலிலும் எலி பிடித்தார். வால் கட்டுகளையும் கேட்டு வாங்கிச் சென்றார்.

முடிவு வந்தது. வால்கள் யாவும் வயலெலிகளுடையவை. தந்தையின் ரத்தத்தில் இருந்ததோ, கிடங்கில் குடியிருந்த வீட்டெலியின் வைரஸ். காய்ந்த எலி மூத்திரம் தூசியாகி அவர் மூச்சில் ஏறியிருக்கிறது.

அடுத்த அறுவடை முடிந்து, கிடங்கைக் கூட்ட வேண்டிய நேரம். பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்கு மிராசுதாரரே தலைமை. என் முறை வந்ததும் தலைப்பைத் தொடவே இல்லை.

“தலைவர் அவர்களே! நீங்கள் வீசிய வால்களே சாட்சி சொல்கின்றன. என் தந்தையின் கை குற்றமற்றது. குற்றம் உங்கள் கிடங்கில் குடியிருக்கிறது!”

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “அப்ப நாளைக்கு எவ உள்ள போயி கூட்டுவா?”

ஒருத்தியும் போகவில்லை. நெல் மூட்டைகள் களத்திலேயே கிடந்தன. மேற்கே மேகம் திரண்டது. மூன்றாம் நாள் மிராசுதாரர் எங்கள் வாசலுக்கு நடந்தே வந்தார்.

“ஏதோ பேசிட்ட, விடு தம்பி. கெடங்கச் சுத்தம் பண்ண அந்தப் பொண்ணு ஒரு வழி சொல்லியிருக்குமே?”

“சொன்னாங்க. எங்கப்பா பேருல குத்தகைய பதிவு பண்ணிக் குடுங்க, சொல்றேன்.”

“டேய், சொல்லிடுறா, பாவம்” என்றார் தந்தை.

“அன்னிக்குக் கதவைச் சாத்துனப்ப பாவம் பார்த்தாராப்பா?”

தாலுகா அலுவலகத்தில் பதிவு முடிந்தது. தாளைத் தந்தையின் கையில் கொடுத்த பிறகே வாயைத் திறந்தேன்.

“கதவு சன்னல தொறந்து போட்டுட்டு வெளிய வந்துடணும். நல்லா காத்தாடுனப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணிய தெளிச்சு, ஊறவிட்டு, ஈரத்தோட துடைக்கணும். காய்ஞ்சபடி கூட்டவே கூடாது.”

“இவ்வளவுதானா?” என்றார் மிராசுதாரர்.

“இவ்வளவுதாங்க.”

ஆள் கிடைக்காமல் மறுநாள் அவரே வேட்டியை மடித்துக் கட்டி, வாளியோடு கிடங்குக்குள் இறங்கினார். கேள்விப்பட்டதும் தந்தை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கை கொடுக்கப் புறப்பட்டார். நான் எங்கள் வீட்டுக் கதவை உள்ளிருந்து சாத்தி, குறுக்கே நின்றேன்.