நிமிர்ந்து நிற்கும் புல்

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கணுக்கால்’ என்று பட்டப்பெயர். வெள்ளக் கணிப்புப் பிரிவில் மற்றவர்கள் ஆளை மூழ்கடிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேச, அவள் மட்டும் கணுக்காலளவுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

காரணம் அவளுடைய நாத்தனார். போன மழையில் நாத்தனார் வீட்டுப் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்க்காது என்று கணினி வரைபடம் அடித்துச் சொன்னது. அன்று சாயங்காலமே போன் வந்தது.

“அண்ணி, நீங்க சொன்ன தைரியத்துல உட்கார்ந்திருந்தோம். இப்ப கட்டில்மேல நின்னுதான் பேசிட்டிருக்கேன்.”

அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு விளையாட்டு மைதானம். ஆறு பொங்கினால் தண்ணீர் அதில் பரவி, மறுபக்கக் கால்வாயில் வடிய வேண்டும். கணக்குப்படி சரசரவென்று வடிந்துவிட்டது. நிஜத்தில் தேங்கி, ஏறி, தெருவுக்குள் திரும்பியது.

எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க அவளுக்குப் பல வாரங்கள் பிடித்தன. அடுப்படியில் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள்.

“ஆழமான தண்ணிக்குத் தரை ஒரு பொருட்டே இல்லங்க. மெல்லிசா ஓடுற தண்ணி மொத்தமும் தரையில உரசிக்கிட்டுத்தான் போகணும். அதுல புல்லு வேற. ஆழமா வந்தா படுத்துக்கும், கொஞ்சமா வந்தா நிமிர்ந்து நின்னு மறிக்கும். நாங்க ரெண்டுக்கும் ஒரே உராய்வைப் போட்டு வெச்சிருக்கோம்.”

“தண்ணி கொஞ்சமானா உராய்வு கூடும். அவ்வளவுதானே? மாத்திட வேண்டியதுதான?”

“அங்கதான் வம்பே. சூத்திரத்துல ஆழத்தால வகுக்கணும். ஆழம் பூஜ்யத்துக்கிட்ட வந்தா உராய்வு எகிறி, புரோகிராம் படுத்துடும். அதனால முன்னாடி இருந்தவங்க, ரொம்ப மெல்லிசான தண்ணிய எல்லாம் கொஞ்சம் ஆழமான தண்ணின்னே கணக்குல காட்டிட்டாங்க.”

அந்த ஒட்டுவேலையைப் பிரித்துச் சரிசெய்ய அனுமதி கேட்டாள். மேலதிகாரி சிரித்தார். “ஊரே முழுகுறப்போ கணுக்கால் தண்ணிய யாரும்மா பார்ப்பா?”

“அது வடியாம நின்னாத்தான் சார் இடுப்புக்கு வருது.”

“வழக்கமான வேலை கெடாம பண்ணுங்க” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரை இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். மைதானக் காவலர் பெரிய குழாயைத் திறந்துவிட, கணவர் பேன்டை மடித்துக்கொண்டு அளவுகோலுடன் நின்றார். அவள் தக்கைகளை மிதக்கவிட்டு வேகம் பார்த்தாள்.

“புல்லை வெட்டுன்னுதான் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. வெட்டாதேன்னு கெஞ்சுற ஆளு நீங்கதாம்மா” என்றார் காவலர்.

ஆழத்துக்கு ஏற்ற உராய்வு கையில் வந்தது. கணினியில் போட்டதும் தண்ணீர் மேட்டை நோக்கி ஏறியது! பக்கத்து மேசைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. உராய்வு தண்ணீரை நிறுத்தலாம், திருப்பி அனுப்ப முடியாது. ஒவ்வொரு கணமும் உராய்வு, தண்ணீரிடம் இருக்கும் வேகத்துக்கு மேல் பிடுங்காதபடி கணக்கை அடியிலிருந்து மாற்றி எழுதினாள். திரும்பத் திரும்ப ஓட்டினாள். கடைசியில் போன வருட மழையைக் கொடுத்தபோது, வரைபடத்தில் நாத்தனார் தெரு தண்ணீரின் நீலமாக மாறியது. மேலதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இன்னொரு தடவை ஓட்டுங்க” என்றார்.

அடுத்த பெருமழை ஆற்றின் மேல்பகுதியில் கொட்டியபோது அந்தத் தெருவுக்கு எச்சரிக்கை போனது. தெருவோ காய்ந்து கிடந்தது.

“அண்ணி, இங்க வெயில் அடிக்குது!”

“அடிக்கட்டும். பொருளை மாடிக்கு ஏத்திட்டு இங்க வந்துடு.”

முணுமுணுத்துக்கொண்டே வந்தாள் நாத்தனார். வரைபடம் சொன்ன நேரம் தாண்டியும் தண்ணீர் வரவில்லை. வெளியேறிய தெருக்காரர்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். எச்சரிக்கையைத் திரும்பப் பெறலாமா என்று மேலதிகாரி கேட்டபோது அவள், “வேணாம் சார்” என்றாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் வந்தது. மாடியில் இருந்த பொருளெல்லாம் தப்பியது. கீழே சுவர் நனைந்தது, கதவு உப்பிக்கொண்டது.

“நேரம் மட்டும் தப்பாயிடுச்சே அண்ணி” என்றாள் நாத்தனார், காபியை ஆற்றியபடி.

“தார் ரோட்டோட உராய்வை இன்னும் அளக்கல” என்று சொல்லிவிட்டு, அளவுகோல் பிடிக்க வேண்டிய கணவர் எந்த அறையில் ஒளிந்திருக்கிறார் என்று தேடப் போனாள்.