சனிக்கிழமைக் குளிசை

அன்று நான் வெற்றிலை போடவில்லை. ஆனாலும் துப்பிய எச்சில் சிவப்பாக இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்து மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். கலியாணமான நாளிலிருந்தே சனிக்கிழமைகளில் மாதாவுக்காக ஒருசந்தி இருப்பது என் வழக்கம். பொழுது சாய்ந்து செபமாலை சொல்லி முடிக்கும்வரை சோறும் இல்லை, பால் விடாத சாயத்தண்ணியும் இல்லை, வெற்றிலையும் இல்லை. மற்ற ஆறு நாளும் என் வாய் சிவந்துதான் கிடக்கும். எத்தனை நாளாக அந்தச் சிவப்போடு இரத்தமும் சேர்ந்து வந்ததோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினேன். "என்னா ஞானம்மா, மரத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று கங்காணி மேலே இருந்து சத்தம் போட்டார். "அட்ட கடிச்சிருச்சுங்க" என்றேன். பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

இரண்டு மாதமாக இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) மேடேறும்போது பாதி வழியில் நின்று மூச்சு வாங்குவேன். எல்லாம் பனிக்குளிர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து புத்தகத்தை மூடிவிட்டு வைத்தியரிடம் போங்கள். மிச்சத்தை வந்து படிக்கலாம்.

மூன்று நாள் கழித்துத்தான் என் கணவர் சூசையிடம் சொன்னேன். அவர் தேயிலை ஆலையில் வேலை செய்தார். அதிகம் பேசாத மனிதர். "ஏன் புள்ள இம்புட்டு நாளா சொல்லல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த நாள் காலை பஸ்ஸில் என்னை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

நெஞ்சைப் படம் எடுத்தார்கள். காலையில் எழுந்ததும் வரும் முதல் சளியைச் சின்னக் குப்பியில் துப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய், இருமினால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டும்) என்று முடிவு வந்தது. வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. நாங்கள் டாக்டர் நோனா என்று கூப்பிடுவோம். அவர் தமிழில் தடுமாறித்தான் பேசுவார். சொல்ல வேண்டியதை மறைக்கமாட்டார். "வீட்டில சின்னப் புள்ள இருக்கா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

இருந்தாள். நாலு வயது ரீட்டா. என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். நான் சாவேன் என்பதுகூட இரண்டாவதாகத்தான் தோன்றியது. என் மூச்சே என் பிள்ளைக்கு எமனாகிவிட்டதோ என்பதுதான் முதல் பயம். அந்தப் பயம் அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேலாக என்னை விட்டுப் போகவில்லை.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தேன். தினமும் இடுப்பில் ஊசி. ஊசி போட்டுப் போட்டு மல்லாந்து படுக்க முடியாது. காதில் இரைச்சல் தொடங்கியது. தலையணைக்குக் கீழே செபமாலையை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். பாதி மணியிலேயே மனம் ரீட்டாவிடம் ஓடிவிடும்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். ஒருசந்தி இருந்ததால்தானே அன்று இரத்தம் கண்ணில் பட்டது? மாதாதான் காட்டிக்கொடுத்தார். அப்படியென்றால் அவருக்கு நான் இன்னும் கூடுதலாகச் செய்ய வேண்டாமா? பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் காப்பாற்றினால், சனியோடு புதன்கிழமையும் ஒருசந்தி இருப்பதாக நேர்ந்துகொண்டேன். பொழுது சாயும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட பல்லில் படாது என்று வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது குளிசைகள் (மாத்திரைகள்) கொடுத்தார்கள். ஒன்றரை வருடம், ஒரு நாள் தவறாமல், காலையில் சாப்பிட்டபின் போட வேண்டும். ரீட்டாவைப் பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்த கொழுந்தன் வீட்டில் விட்டோம். என் தட்டு தனி, கோப்பை தனி.

முதல் சனிக்கிழமை குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடாமல் போட்டால் குமட்டும். சாப்பிட்டால் ஒருசந்தி முறியும். மாலையில் போட்டிருக்கலாமே என்று இன்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை. காலை மருந்து என்றால் காலை மருந்துதான். சரி, மாதாவுக்காக ஒரு நாள் மருந்தை விடுவதும் ஒரு தியாகம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குளிசைகளைக் கடுதாசியில் மடித்து மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தேன். புதனும் அப்படியே. சூசை விடியமுன்னே ஆலைக்குப் போய்விடுவார், அவருக்குத் தெரியாது.

உடம்பு தேறத்தான் செய்தது. கன்னத்தில் சதை வைத்தது. எனக்குத் தெம்பு கூடக்கூட, நான் செய்வது சரி என்ற எண்ணமும் கூடியது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம் வந்தது. நாற்பது நாளும் ஒருசந்தி பிடித்தேன். அந்த நாற்பது நாளும் மருந்து இல்லை. என் முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா!

உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரம் மறுபடி இரத்தம் வந்தது. இந்த முறை அதை மூடி மறைக்க வெற்றிலையும் இல்லை, மண்ணும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, இங்க வாங்க" என்று கத்தினேன்.

டாக்டர் நோனா பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மருந்து எல்லா நாளும் போட்டது தானே?"

"ஒரு நாளும் விடல நோனா."

மாதாவுக்காகச் செய்ததை மாதா சாட்சியாகவே மறைத்துப் பொய் சொன்னேன். கழுத்தில் அவருடைய படம் தைத்த உத்தரியம் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் ரீட்டாவையும் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த முறை கூட்டிப்போனோம். பிள்ளைக்கும் பத்து நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கையில் தோல்ஊசி (கிருமி உடம்பில் புகுந்திருந்தால் மூன்று நாளில் அந்த இடம் தடிக்கும்) போட்டார்கள். மூன்றாம் நாள் காட்டப் போனபோது தடித்திருந்தது. கைத்தண்டில் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தபோது சத்தியமாக நான் செத்துப்போனேன்.

"நெஞ்சுப் படத்தில ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர் நோனா. "ஆனா கிருமி உள்ள போயிருக்கு. நோயா வராம இருக்க இப்பவே மருந்து குடுக்கணும். என்ன மருந்து குடுக்கிறது? நீங்க எல்லா நாளும் போட்டும் ஒங்க கிருமி சாகல்ல. அப்படின்னா இந்த மருந்துக்கு அது பயப்படல்ல. புள்ளைக்கும் அதே கிருமி தானே. இந்த மருந்து புள்ளைக்கு வேலை செய்யாது. கொழும்புப் பக்கம் அனுப்பணும்."

நாற்காலியில் ரீட்டா காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சூசை தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். என் பொய்யை வைத்துத்தான் என் பிள்ளைக்கு மருந்து எழுதப் போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் இரண்டு முறை கூப்பிட்டேன். பிறகு வாயைத் திறந்தேன்.

"நோனா, நான் போடல. சனி, பொதன் ரெண்டு நாளும் போடல. தபசு காலம் பூரா போடல. சாமிக்கு நேர்ந்துக்கிட்டேன்."

சூசையின் கையிலிருந்து தொப்பி விழுந்தது. "அடிப் பாவி" என்றார். அவர் அப்படி என்னைச் சொன்னது அதுதான் முதலும் கடைசியும். "அந்தத் தாயி ஒங்கிட்ட இதயா கேட்டா?"

டாக்டர் நோனா திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அப்படின்னா நல்லது" என்றார். "மருந்து தோக்கல்ல. நீங்க தான் போடல்ல. இன்னும் வழி இருக்கு." அந்த அறையில் எனக்கு நல்ல செய்தியாக இருந்தது என் குற்றம் மட்டும்தான்.

எனக்கு மறுபடி ஊசியிலிருந்து தொடங்கினார்கள். ரீட்டாவுக்கு ஒரு வருடம் தினமும் ஒரு குளிசை.

நேர்ச்சையை முறித்தால் மாதா கோபித்துப் பிள்ளையை எடுத்துக்கொள்வாரோ என்ற பயம் வேறு. மாதம் ஒருமுறை தோட்டத்துக் கோயிலுக்குப் பூசை வைக்க வரும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "நோயாளிக்கு ஒருசந்தி கட்டளையே இல்லம்மா. யாரும் ஒங்களுக்குச் சொல்லித் தரலியா?" என்று கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது. நேர்ச்சையை அவர் மாற்றிக் கொடுத்தார்: தினமும் சாப்பிட்டுக் குளிசை போட வேண்டும், போட்டபின் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்ல வேண்டும்.

ஆனாலும் அடுத்த சனிக்கிழமை காலையில் ரொட்டியைப் பிய்த்து இரண்டு முறை திரும்பத் தட்டில் வைத்தேன். சுரூபத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். மறு வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். விசுவாசம் என்றால் பயமில்லாமல் இருப்பது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பயந்து பயந்துதான் மாதாவை நம்பினேன். பயந்து பயந்துதான் மருந்தையும் போட்டேன்.

இன்றும் என் இடது காதில் அந்த ஊசியின் இரைச்சல் இருக்கிறது. மேடேறும்போது வலது நெஞ்சு பின்தங்கும். நானும் நின்று அது வரட்டும் என்று காத்திருப்பேன். முன்பெல்லாம் எனக்கு அடுத்த வருடம், பிள்ளையின் கலியாணம் என்று தூரத்தில்தான் காலம் இருந்தது. இப்போது ஒரு காலையிலிருந்து அடுத்த காலைவரைதான். அது எனக்குப் போதுமாக இருக்கிறது.

மருந்து முடிந்தது என்று டாக்டர் நோனா சொன்ன நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். சளியில் கிருமி இல்லை, ரீட்டாவின் படமும் சுத்தம். தாழ்வாரத்துக்கு வந்தேன். சூசையோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த ரீட்டா எழுந்து ஓடிவந்தாள். ஏழு வயதாகப் போகிறது. எனக்கு நாலு அடி முன்னால் கோடு கிழித்தது போல் நின்றுவிட்டாள். நாங்கள் அப்படித்தான் பழக்கியிருந்தோம்.

"கிட்ட வாம்மா" என்றேன். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். வந்தாள். நான் முழங்காலிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். பிள்ளை கட்டை மாதிரி விறைத்து நின்றாள். முகத்தை விலக்கிப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பி, உதடு இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூச்ச விடு புள்ள" என்றேன். "இனிமே விடலாம்."