ஃபேன் சுற்றிய ஒரு வினாடி

சேலையூர் வீட்டைக் காலி செய்த வாரத்தில் நடந்தவை, வரிசையாக:

1. கீழ்வீடு, மேல்வீடு இரண்டையும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாக ஓனர் சொன்னார். அவர் குடும்பம் மேல்வீடு. நாங்கள் கீழ்வீடு.
2. வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வீட்டைக் கடைசியாக வந்து பார்க்க முடியாது. ஹாலில் ஃபேன் சுற்றுகிற படம் ஒன்று மட்டும் கேட்டாள்.
3. எடுத்து அனுப்பினேன். “அங்க கரண்ட் இல்லையா?” என்று பதில் வந்தது.
4. மறுபடி எடுப்பதற்குள் நிஜமாகவே கரண்ட் போய்விட்டது.
5. அம்மா ஒட்டடைக்கம்பை எடுத்தாள்.

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. சிறுசேரிக்கு கம்பெனி பஸ்ஸில் போய், யாரோ எழுதியதில் என்ன தப்பு என்று கண்டுபிடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். எதுவானாலும் நடந்ததை முதலில் எண் போட்டு எழுதிக்கொள்வது அதில் வந்த பழக்கம். ஆனால் மேலே இருக்கிற ஐந்தை மட்டும் படித்தால் அக்கா ஏன் போயும் போயும் ஒரு ஃபேனைக் கேட்டாள் என்பது தெரியாது.

அது பழுப்பு நிற ஃபேன். மூன்று இறக்கை. கொக்கியில் கொஞ்சம் ஆட்டம் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று ஒரு சத்தம். விருந்தாளிகள் யார் வந்தாலும் முதலில் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டுத்தான் உட்காருவார்கள். நானும் அக்காவும் நேர் கீழே பாய் விரித்துப் படுப்போம். அங்கேதான் காற்று அதிகம்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படித்த கோடையில், படிப்பதற்குப் பதிலாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். ஓடுகிற ஃபேனில் ஒரே ஓர் இறக்கையைக் கண்ணால் பிடிக்க வேண்டும். தலையைச் சுழற்றிக்கொண்டே பார்த்தால் ஒரு நொடி அது தனியாகத் தெரியும், உடனே நழுவிவிடும். “புடிச்சிட்டேன்” என்று நான் கத்துவேன். “எந்த ரெக்கைன்னு சொல்லு பாப்போம்” என்பாள் அவள். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் எப்படிச் சொல்வது?

அதற்குத்தான் ஒருநாள் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு ஏறி, ஓர் இறக்கையின் அடிப்பக்கம் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தாள். சுவிட்சைப் போட்டதும் எங்கள் விளையாட்டு கெட்டுப்போனது. பொட்டு பொட்டாகத் தெரியவில்லை. இறக்கைகள் எல்லாம் கலங்கிய ஒரு வட்டமாகிவிட, அதற்குள் மெல்லிய சிவப்பு வளையம் ஒன்று மிதந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அம்மா பையைக்கூட இறக்கவில்லை. “எக்ஸாமுக்குப் படிக்கிற லட்சணமா இது? ஃபேனுக்கு நெயில் பாலிஷ், உன் கைக்கு அழுக்கு” என்றாள். அம்மா கணக்கு டீச்சர், வாட்ச்சை எப்போதும் மணிக்கட்டின் உள்பக்கமாகத்தான் கட்டுவாள். திட்டுவதையும் இரண்டு பக்கமும் சமமாக வருகிற மாதிரித்தான் திட்டுவாள்.

பொட்டை யாரும் அழிக்கவில்லை. அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டேதான் நான் பத்தாம் வகுப்பு முடித்தேன், கல்லூரி முடித்தேன், முதல் வேலையை விடலாமா என்று யோசித்தேன். அக்கா கல்யாணமாகிப் போனபிறகு பாயில் எனக்கு இடம் நிறையக் கிடைத்தது. கையைக் காலை நீட்டிப் படுக்கலாம். ஆனாலும் ரொம்ப நாள் வரைக்கும் ஓரமாகவேதான் படுத்தேன்.

எனவே அக்கா கேட்டது ஃபேனை அல்ல, அந்த வளையத்தை. குழந்தையின் தொட்டிலுக்கு மேலே ஒட்ட வேண்டுமாம். “வீடியோ எடுத்து அனுப்பட்டுமா?” என்று கேட்டேன். “வீடியோவை எப்படிடி சுவத்துல ஒட்டுறது?” என்றாள். ஆனாலும் ஒன்று எடுத்துப் பார்த்தேன். அதில் ஃபேன் மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அழித்துவிட்டேன்.

போனின் கேமராவில் புரோ மோடு என்று ஒன்று இருக்கிறது. உள்ளே போனால், கேமராவின் கண் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். அதுதான் ஷட்டர் ஸ்பீடு. வேகம் கூடினால் படம் தெளிவாக வரும் என்று எங்கோ படித்திருந்தேன். அக்காவுக்கு அனுப்புகிற படம் தெளிவாக இருக்க வேண்டுமே என்று, ஜன்னல்களை எல்லாம் திறந்து வெயிலை உள்ளே விட்டு, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்து எடுத்தேன். தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. இறக்கை ஓரத்தில் படிந்த தூசிகூட எண்ணுகிற மாதிரி இருந்தது. பெருமையோடு அனுப்பிவிட்டு, இரவு வரை பதிலுக்குக் காத்திருந்து தூங்கிப்போனேன்.

காலையில் எழுந்து பார்த்தால் அந்தப் பதில். “அங்க கரண்ட் இல்லையா?” அதற்குக் கீழே இன்னொன்று: “வளையம் எங்கடி? நின்னுபோன ஃபேன் மாதிரி இருக்கு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சா?”

படத்தை மறுபடி திறந்தேன். அவள் சொன்னது சரி. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் ஃபேன் எங்கே நகரும்? அசையாமல் தொங்கியது. ஓர் இறக்கையில் காய்ந்துபோன சிவப்புப் பொட்டு. ஆள் போன வீட்டின் படம் அது. நாங்கள் இன்னும் அங்கேதான் இருந்தோம்.

தப்பு பிடிபட்டதும் சரி செய்வது சுலபம்தான். ஷட்டரை மெதுவாக்க வேண்டும். கண் திறந்திருக்கிற நேரத்துக்குள் ஃபேன் முழுதாக ஒரு சுற்று வந்துவிட்டால் வளையம் தானாக மூடிக்கொள்ளும். நான் பல் துலக்கிவிட்டு போனை எடுத்தபோது, வாசலில் ஏணியோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பக்கத்தில் ஓனர். அந்தப் பக்கத்தில் இருந்த வயல் எல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்தினுடையது என்பார்கள். இப்போது கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்.

“அங்கிள், மீட்டர் கழட்ட நாளைக்குத்தானே வர்றதா சொன்னீங்க?”

“நாளைக்கின்னு உன்னாண்ட சொன்னேன். அவங்களாண்ட இன்னிக்கின்னு சொல்லிட்டேன் போல கீது. பேஜாரா பூட்ச்சும்மா. ஆளுங்க வந்துட்டாங்கோ, திருப்பி அனுப்ச்சா மறுபடி எப்ப வருவாங்களோ. மேல மோட்டார் தண்ணி ரொப்பி வெச்சிருக்கேன், அத யூஸ் பண்ணிக்கோ.”

தண்ணீரா எனக்கு வேண்டும்? உள்ளே ஓடினேன். ஹாலுக்குள் நுழையும்போதே ‘டக்’ சத்தங்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. நான் போனை நிமிர்த்துவதற்குள் நின்றுவிட்டது.

அப்பா முதல் லோடு சாமானோடு ராஜகீழ்ப்பாக்கத்துப் புது வீட்டுக்குப் போயிருந்தார். அம்மா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“புது வீட்டுல மாட்டி எடுத்து அனுப்பேன். அவளுக்கு என்ன தெரியப்போகுது?”

“கூரையப் பாரு” என்றேன்.

ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் மழைநீர் கசிந்து ஊறிய கறை இருந்தது. அதை இலங்கை என்று அக்கா சொல்வாள், மாங்கொட்டை என்று நான் சொல்வேன். அது இல்லாமல் எடுத்தால் அடுத்த நிமிடமே கேட்பாள்.

அம்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு மூலையில் சாய்த்திருந்த ஒட்டடைக்கம்பை எடுத்து வந்து, ஓர் இறக்கையைத் தள்ளினாள். ஃபேன் கொஞ்சம் நகர்ந்தது. இன்னொரு தள்ளு. இன்னும் ஒன்று. மெதுவாக ஒரு ‘டக்’ கேட்டது.

“அது என்ன வேகத்துல சுத்துதுன்னு போட்டோவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியாது. வேகமாக ஓடுகிற ஃபேனுக்குக் கால் வினாடி போதும். அம்மா தள்ளுகிற ஃபேனுக்கு இன்னும் கொஞ்சம் அதிக நேரம் கொடுத்தால், கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் படித்த பொறியியல் அதுவரை வீட்டில் ஒரு காரியத்துக்கும் உதவியதில்லை. வழக்கம்போல இதையும் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள்.

கேமரா அசையக்கூடாது, ஸ்டாண்டும் கிடையாது. ஆனால் எங்களுக்கு வேண்டிய படம் தரையிலிருந்து பார்க்கிற படம்தான். அக்காவின் தலை இருக்கும் இடத்தில் பாயை மடித்துப் போட்டு, டைமரைப் பத்து வினாடி வைத்து, பின்பக்கக் கேமரா மேலே பார்க்கும்படி போனைக் குப்புறப் படுக்க வைத்தேன். ஷட்டர் அரை வினாடி. அம்மா தள்ளினாள். எடுத்துப் பார்த்தால் முழுக்க வெள்ளை. கூரையும் இல்லை, ஃபேனும் இல்லை.

அவ்வளவு நேரம் திறந்திருந்தால் வெளிச்சமும் அவ்வளவு வந்து நிறையும். பெரிய கேமராவில் வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கலாம். போனில் அது முடியாது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐஎஸ்ஓ என்ற அளவு ஏற்கெனவே இருப்பதிலேயே குறைவாக, ஐம்பதில் இருந்தது. ஆக, வீட்டின் வெளிச்சத்தைத்தான் குறைக்க வேண்டும். திரைச்சீலைகளோ முதல் லோடிலேயே போய்விட்டன. சாமான் சுற்ற வைத்திருந்த அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை ஜன்னல் கம்பிகளில் செருகினேன். ஹால் மாலை நேரம் போல் மங்கியது.

இந்த முறை படம் வந்தது. இறக்கைகள் கலங்கி வட்டமாகியிருந்தன. சிவப்பு மட்டும் பாதி வளையமாக நின்றது.

“பாதி மார்க்தான்” என்றாள் அம்மா எட்டிப் பார்த்து. “நேரத்தை ரெண்டு மடங்காக்கு.”

“ரெண்டு மடங்காக்கினா வெளிச்சமும் ரெண்டு மடங்காகும்மா.”

“அப்போ இன்னொரு புடவை எடு.”

இரண்டாவது புடவையைச் செருகக் கம்பிகளில் இடம் இல்லை. சும்மா தொங்கவிட்டால் நழுவி விழுந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஓனர் வந்து நின்றார். கம்பும் கையுமாக அண்ணாந்து நின்ற அம்மாவைப் பார்த்தார்.

“இன்னா மேடம், இடிக்கப்போற வூட்டுக்குப் போய் ஒட்டட அட்ச்சிகினு கீறீங்கோ?”

“ஒட்டடை இல்ல சார். நீங்க கரண்டை நிறுத்திட்டீங்க, நாங்க கையால ஃபேன் சுத்துறோம்.”

அவர் என்னைப் பார்த்தார். அக்காவுக்கு ஒரு போட்டோ, கடைசி போட்டோ, இன்று விட்டால் கிடையாது என்று சொன்னேன்.

“பெரிய பொண்ணுக்கா? ஃபேனுக்கு பொட்டு வெச்சுதே, அதுக்கா?” பொட்டு விஷயம் மேல்வீட்டுக்கும் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, “குடு” என்று புடவையை வாங்கி, இரண்டு கைகளாலும் ஜன்னலில் அகலப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார்.

ஷட்டர் ஒரு வினாடி. முதல் தடவை அம்மா கம்பைச் சீக்கிரம் எடுத்துவிட்டதால் ஃபேன் சோர்ந்துபோனது. முக்கால் வளையம். இரண்டாம் தடவை ஓனர் தும்மினார், புடவை விலகியது.

“சார், தும்மலை ஒரு வினாடி தள்ளிப் போடக்கூடாதா?”

“புடவைல அவ்ளோ தூசி மேடம். கை வலிக்குது, சீக்கிரம் புடிம்மா.”

மூன்றாம் தடவை. டைமர் ஓடத் தொடங்கியதும் அம்மா தள்ள ஆரம்பித்தாள். நான் வாய்விட்டு எண்ணினேன். டக். டக். டக். வேறு எந்தச் சத்தமும் இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லை, மோட்டார் இல்லை, டிவி இல்லை. நாங்கள் படுத்துக்கொண்டு கேட்ட அதே சத்தம், ஓர் ஆள் தள்ளத் தள்ள வந்தது. நான் எண்ணுவதை மறந்துவிட்டேன். அம்மாதான் “ஒம்போது, பத்து” என்று முடித்து, கடைசித் தள்ளலையும் கொடுத்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

போனைத் திருப்பினேன். இலங்கை இருந்தது, அல்லது மாங்கொட்டை. கலங்கிய பழுப்பு வட்டம் இருந்தது. அதற்குள் சிவப்பு வளையம், ஓரிடத்தில் கொஞ்சம் தடிமனாக, முழுதாக மூடியிருந்தது. படத்தின் ஓரத்தில் புகை மாதிரி வெண்மையாக ஏதோ விலகிப் போனது. அதில் பளபளவென்று ஒரு கோடு.

ஓனர் கையை உதறிக்கொண்டே வந்து பார்த்தார். “கரண்ட் கீற மாதிரியே கீதும்மா” என்றார்.

அனுப்பினேன். அங்கே விடியும்வரை பதில் வராது என்று பாத்திரம் சுற்ற உட்கார்ந்தேன். உடனே வந்துவிட்டது. வயிற்றில் குழந்தை உதைப்பதால் தூக்கம் இல்லையாம்.

முதல் செய்தியில் வெறும் “வந்துடுச்சு.” இரண்டாவதில், “ஓரத்துல ஆவி மாதிரி யாருடி அது?” நான் தட்டச்சு செய்வதற்குள் மூன்றாவது: “வாட்ச்சை உள்பக்கமா கட்டியிருக்கு. அம்மா.”

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “கை வந்திருக்குன்னா இன்னொரு தடவை எடுக்கலாமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அக்காவிடமும் கேட்டேன். அவளும் வேண்டாம் என்றாள்.

இப்போது நிலைமை இது. சேலையூர் மனையில் மூன்றாவது தளம் எழும்பியிருக்கிறது. கம்பெனி பஸ் அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் போகிறது. ஃபேன் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுப் பரணில், அதே சுங்குடிப் புடவை சுற்றிக் கிடக்கிறது. இங்கே கூரையில் வேறு ஃபேன்கள் இருக்கின்றன, அவற்றில் சத்தம் வருவதில்லை. படம் அக்கா வீட்டில் தொட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. குழந்தை அதைப் பார்ப்பதில்லையாம், ஜன்னலைத்தான் பார்க்கிறானாம். அந்த நேரத்தில் கரண்ட் இல்லை என்பதை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். அன்று மாலையே அம்மா போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.