கூட்டிப்போக வந்தவன்

மூன்றாம் வகுப்போடு நின்று, நீர்வேலியிலிருந்து சைக்கிளில் வாழைக்குலை கட்டி விற்றவன் நான். இன்று இணுவிலில் என் புடவைக்கடை மாடியோடு நிற்கிறது. ஆளை ஒரு பார்வையில் எடைபோடுவேன். ஒருவனிடம் மட்டும் தோற்றேன்.

என் கடையில் வேலை செய்த பிள்ளையின் புருஷன் அவன். மடிப்புக் குலையாத சேட்டு, நெற்றியில் திருநீறு. நாளுக்குப் பத்துத் தடவை அவளுக்கு வீடியோ கோல் எடுப்பான். அவள் போனைச் சுழற்றிக் கடை முழுவதையும் காட்ட வேண்டும். பாசம் என்று நினைத்து, “நீ குடுத்து வைச்சனீ பிள்ளை” என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அவன் வந்தான்.

“ஐயா, நேற்றுக் கடையாலை வெளிக்கிட்டவவைக் காணேல்லை. ஆரோடை போனவ? எந்த பஸ்? உடுப்புப் பாக் கொண்டு போனவவோ?” சிரித்துக்கொண்டே கேட்டான். “நானில்லாமல் அவவுக்கு றோட்டுக் கடக்கவும் தெரியாது.”

“காணேல்லை எண்டுறாய். சுகமாயிருப்பாளோ எண்டு ஒரு சொல்லும் வரேல்லையே?”

சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மாறியது. “உங்கடை வேலையைப் பாருங்கோ.”

“இது என்ரை கடை. இறங்கடா.”

அவன் போனதும் கடையில் அவளோடு வேலை செய்த மற்றப் பிள்ளையிடம் விசாரித்தேன்.

“பத்திரமா இருக்கிறா ஐயா. இடத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவ. நீங்கள் அவரின்ரை பக்கமெண்டு நினைச்சிட்டா.”

சுட்டது. ஆனாலும் அவள் செய்ததே சரி. அவன் இன்னும் அடிக்கடி எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறான். எனக்கு இடம் தெரிந்திருந்தால், “தெரியும், சொல்ல மாட்டன்” என்று வீறாப்பாகச் சொல்லியிருப்பேன். அது போதும், என்னைப் பின்தொடர்ந்தே அவன் அவளிடம் போய்ச் சேர.